துணியின் பின்பக்கம்



பட்டுச் சேலை எடுக்கப் போகும் நம் வீட்டுப் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் சேலையை விசிறிப் போடுவார். மயில் தெரியும், மாங்காய் தெரியும், சரிகை மின்னும். கூட வந்த அத்தையோ பாட்டியோ அதில் மயங்கமாட்டார்கள். முந்தானையைப் பிடித்து ஒரே திருப்பு! பின்பக்கத்தில் இழை எப்படி ஓடுகிறது, உடலும் கரையும் சேரும் இடம் எப்படி இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். விலை கேட்பது அதற்குப் பிறகுதான்.

தனித்து இயங்கும் கைவினைஞர்களிடமிருந்து, நம் வீட்டுப் பொருள்களுக்கும் உடைகளுக்கும் வடிவமைப்பு ஊக்கத்தை எப்படிப் பெறுவது என்பது இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. என் பதில் அந்தப் பாட்டியின் பதில்தான். திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் பூ இருக்கிறது. அந்தப் பூ ஏன் அப்படி இருக்கிறது என்பது பின்பக்கத்தில் இருக்கிறது.

இன்றைக்கு ஊக்கம் தேடுகிறவர் எங்கே போகிறார்? கைபேசிக்குத்தான் போகிறார். அரை மணி நேரத்தில் நானூறு படங்கள். ஜப்பானியக் கோப்பை, மெக்ஸிகோ விரிப்பு, கட்ச் கண்ணாடித் தையல். நானும் பார்க்கிறேன், குற்றம் சொல்லவில்லை. ஆனால் படத்துக்குப் பின்பக்கம் கிடையாது. எடை கிடையாது, வாசனை கிடையாது, செய்தவர் எங்கே திணறினார் என்ற தடயமும் கிடையாது. படத்திலிருந்து எடுக்க முடிந்தது மேல்தோல் ஒன்றுதான். அதனால்தான் நானூறு பேர் நானூறு படம் பார்த்துவிட்டு ஒரே மாதிரியான தலையணை உறையைச் செய்கிறார்கள்.

சரி, படத்தை விட்டுவிட்டு ஆளிடம் போவோம். முதலில் நீலகிரிக்கு.

தோடர் பெண்கள் தைக்கும் பூத்தையலைப் பார்த்திருக்கிறீர்களா? தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக ஓடும் தையல் அது. ஆணும் பெண்ணும் தோளில் போர்த்திக்கொள்ளும் அந்தப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் தறியிலேயே நெய்தது என்று சத்தியம் செய்வீர்கள். கிட்டே போங்கள். அத்தனையும் ஊசி வேலை. துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம் இல்லை. பென்சிலால் வரைந்த கோடு இல்லை. பார்த்துச் செய்ய மாதிரித் தாள் இல்லை. பிறகு என்னதான் இருக்கிறது? எண்ணிக்கை இருக்கிறது. துணியின் பாவு இழையையும் ஊடை இழையையும் எண்ணி எண்ணித்தான் ஊசி நுழைகிறது. இத்தனை இழை விடு, இத்தனை இழை எடு. அந்தக் கணக்கு மாறினால் எருமைக் கொம்பு மலையாகிவிடும்.

இப்போது அந்தத் துணியைத் திருப்புங்கள். ஊசி போன பக்கம் ஒழுங்காக, சப்பையாக இருக்கிறது. மறுபக்கத்தில் நூல் சற்றே மேலெழுந்து, சின்னச் சின்னக் கண்ணிகளாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. நீங்களும் நானும் எதை முகப்பு என்று சொல்வோம்? ஒழுங்கான பக்கத்தைச் சொல்வோம். தோடர்கள் அந்தப் புடைத்த பக்கத்தையே முகப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். தொட்டால் விரலுக்குத் தெரிய வேண்டும், போர்த்தினால் கனம் தெரிய வேண்டும் என்ற ரசனை அது. இருபக்கமும் கூசாமல் காட்டலாம் என்ற அளவுக்கு வேலை சுத்தம்.

இதிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் என்ன எடுத்துக்கொள்வார்? சோம்பேறியாக இருந்தால் சிவப்புக் கறுப்புக் கட்டங்களைப் படமெடுத்து, பாலியெஸ்டர் துணியில் அச்சடித்துக் கைப்பை செய்வார். செய்திருக்கிறார்கள், சந்தையில் இருக்கிறது. கூர்மையானவராக இருந்தால் மூன்று கேள்வி கேட்பார். கோடு வரையாமல், எண்ணிக்கையால் மட்டும் ஒரு வடிவத்தைக் கட்ட முடியுமா? இரண்டே நிறத்தில் எத்தனை தூரம் போகலாம்? பின்பக்கம் என்று நாம் ஒதுக்குவதை முகப்பாக்கினால் என்ன? இந்த மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு அவர் சுவரில் பதிக்கும் ஓடு ஒன்றைச் செய்யலாம், ஒரு குளிர்காலச் சட்டையைச் செய்யலாம். தோடர் சின்னம் ஒன்றுகூட அதில் இருக்காது. ஆனாலும் தோடர் பெண்ணிடம் படித்த மாணவர் அவர்.

மலையிலிருந்து இறங்கிச் செட்டிநாட்டுக்கு வாருங்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடி. அந்த ஊர்ப் பூக்கல் பதித்த தரையில் உங்களில் பலர் உருண்டு விளையாடியிருப்பீர்கள். கோடையில் பாயே வேண்டாம், அவ்வளவு குளிர்ச்சி. ஆனால் அது எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பட்டறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கொட்டகை, வரிசையாகக் கண்ணாடித் துண்டுகள், மணல், சிமெண்டு, நிறப்பொடி கரைத்த குவளைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. முதலில் கைவினைஞர் கண்ணாடியைத் துடைக்கிறார். அதன்மேல் சதுரச் சட்டம் வைக்கிறார். சட்டத்துக்குள் பூவடிவில் தடுப்புகள் கொண்ட உலோக அச்சு. அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு நிறம்: இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, நடுவில் மஞ்சள். சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார். ஊற்றி முடித்ததும் அச்சை நேராக மேலே தூக்குகிறார். கை ஆடினால் போச்சு. தடுப்பு போன பிறகும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் கரைசலின் பதம். தண்ணீர் கூடினால் ஓடிவிடும், குறைந்தால் படியாது. அடுத்து மேலே உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவுகிறார். அது ஈரத்தை உறிஞ்சி நிறத்தை அந்த இடத்திலேயே பிடித்துவைக்கிறது. அதன்மேல் கலவை போட்டு மட்டம் செய்கிறார். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. பிறகு வெயில். கண்ணாடி கழன்று வரும்போது, அதன் வழவழப்பு முழுவதும் கல்லுக்கு வந்திருக்கும்.

இதில் நான் கிறங்கிப்போகும் இடம் ஒன்று உண்டு. அவர் ஊற்றுவது பூவின் முகத்தை. ஆனால் அது கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கிறது. வேலை நடக்கும் நேரம் முழுவதும் அவர் பார்ப்பது பூவின் முதுகை மட்டும்தான்! சில கற்களுக்கு அச்சே வைப்பதில்லை. நிறத்தை ஊற்றி, ஒரு குச்சியால் அலை அலையாக இழுத்துவிடுவார். அந்த அலை எப்படி வந்தது என்று அவருக்கே கண்ணாடி கழன்ற பிறகுதான் தெரியும். அதனால் ஒரு கல்லைப் போல் மறு கல் இருக்காது. நகரத்துக் கட்டடக் கலைஞர் அங்கே போய், எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே அளவில், கூர் முனையோடு வேண்டும் என்று கேட்கிறார். ஐயா, அதற்குத்தான் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றனவே, அங்கே போங்கள். கொஞ்சம் மாறுவது இந்தக் கல்லின் குணம். அந்த மாற்றத்தைக் கணக்கில் வைத்துத் தரையை வரைகிறவர்தான் இங்கே வரவேண்டும்.

செட்டிநாட்டிலேயே இன்னொன்று: கொட்டான். பனங்குருத்து ஓலைக்குச் சாயமேற்றி ஆச்சிமார் வீட்டிலிருந்தபடி முடைந்த சிறு கூடைகள். கல்யாணத்திலும் படையலிலும் கைமாறியவை. பிளாஸ்டிக் வந்ததும் முடைகிற கை குறைந்து போனது. 2000-ஆம் ஆண்டுவாக்கில் விசாலாட்சி ராமசாமி தம் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை வழியாக அதை மீட்கும் வேலையில் இறங்கினார். பழைய கொட்டான்களைத் திரட்டி, அவற்றின் முடைதலைப் படித்து, ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2004-இல் யுனெஸ்கோவின் தர முத்திரை கிடைத்தது. இதே போல் தருமபுரி மாவட்டத்துச் சித்திலிங்கியில் லம்பாடிப் பெண்களின் தையல். அது வயதான சிலரின் விரல்களில் மட்டும் மிச்சமிருந்தபோது, அந்தப் பள்ளத்தாக்கில் மருத்துவமனை நடத்தும் மருத்துவர் லலிதா முயற்சி எடுத்து, மூத்தவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். இன்று அந்தப் பெண்களின் போர்கை அமைப்பு தைத்து அனுப்பும் குஷன் உறையும் குர்த்தாவும் நகரங்களில் விலைபோகின்றன. இரண்டு இடத்திலும் என்ன நடந்தது? வெளியிலிருந்து யாரும் புது வடிவம் கொண்டுபோய்த் திணிக்கவில்லை. பழைய பொருளை மேசைமேல் வைத்து, பிரித்துப் பார்த்துத்தான் தொடங்கினார்கள்.

தாமிரபரணிக் கரைக்கு வாருங்கள். பத்தமடை. கோரைப் பாய் தெரியாத தமிழர் இல்லை. ஆனால் பத்தமடையின் நேர்த்திப் பாயைக் கையில் வாங்கினால் பாய் என்று நம்பமாட்டீர்கள். பட்டு மாதிரி மடியும். ஒரு கோரைத் தண்டை நீளவாக்கில் கத்தியால் கீறி, மறுபடி கீறி, உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதியைச் சுரண்டி எடுத்து, காயவைத்து, ஆற்று நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடி காயவைத்துத்தான் அந்த மென்மை வருகிறது. தரையோடு தரையாகக் கிடக்கும் தறி. பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்குக் கோரை. நீண்ட குச்சியில் கோத்து ஒவ்வோர் இழையாக நுழைக்க வேண்டும். நாடா ஓடும் வேகம் இங்கே கிடையாது. நேர்த்தியான பாய் ஒன்றுக்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் பரம்பரைத் தொழில் இது. இன்று பெரும்பாலும் பெண்கள் நெய்கிறார்கள். இந்துக் கல்யாணங்களுக்கு மணமக்கள் பெயரையே ஊடையில் எழுத்தாக நெய்து கொடுக்கிறார்கள். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரார் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

பாயின் அகலத்தைத் தீர்மானிப்பது யார்? வாடிக்கையாளரா? தறியா? ஒற்றைக் கோரையில் நெய்தால், கோரை எவ்வளவு உயரம் வளர்ந்ததோ அவ்வளவுதான் அகலம். அதற்குமேல் வேண்டுமென்றால் இரண்டு பக்கமிருந்தும் கோரை நுழைத்து நடுவில் சேர்க்க வேண்டும். ஆக, அந்தப் பாயின் அளவை ஆற்றங்கரைச் சேறும் அந்த ஆண்டு மழையும் சேர்ந்து முடிவு செய்திருக்கின்றன. அளவுகோலை எடுத்துக்கொண்டு போய், எனக்கு ஏழடி வேண்டும் என்று நிற்கிற மாணவர் முதலில் கோரைக் காட்டில் அரை நாள் நிற்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கைவினைப் பயிற்சி முகாம்களில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? பாய் நெய்கிறவரிடம் போய், மடிக்கணினி உறை செய், கைபேசிப் பை செய், கோப்பு அட்டை செய் என்கிறோம். ஓலை முடைகிறவரிடமும் அதே. ஜமக்காளம் நெய்கிறவரிடமும் அதே. நாடு முழுக்க மடிக்கணினி உறை! பாய் என்ற பொருளுக்குள்ளேயே இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது. சுருட்டி மூலையில் வைக்கலாம், விரித்தால் அறை படுக்கையறையாகும், எடுத்தால் கூடமாகும். இடமே இல்லாத நகரத்து வீட்டுக்கு இதைவிட நல்ல யோசனையை எந்த மேசை நாற்காலிக் கடை வைத்திருக்கிறது?

பொருளை இப்படிப் படிப்பது புதுப் பழக்கம் இல்லை. சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியை இங்குள்ள மாணவர்கள் நாற்காலிகளுக்காக அறிவார்கள். இந்திய அரசு அழைத்ததன் பேரில் மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றிவிட்டு, 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறந்ததற்கு அந்த அறிக்கை ஒரு காரணம். இந்தியாவில் தங்களை மிகவும் கவர்ந்த பொருள் என்று அவர்கள் எதைச் சொன்னார்கள் தெரியுமா? தாஜ்மகாலையா? நம் வீட்டுச் செம்பை! நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கிறது, காலியானபோது எப்படி நிற்கிறது, இடுப்பில் எப்படி உட்காருகிறது, கழுத்தில் விரல் எப்படிப் பிடிக்கிறது, ஊற்றினால் நீர் எப்படி விழுகிறது, எப்படித் தேய்ப்பது, என்ன விலை, தட்டினால் என்ன ஒலி? இத்தனையையும் ஒரே ஆள் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்துதான் அந்த வடிவம் வந்திருக்கும் என்று எழுதினார்கள். நாம் குளியலறையில் போட்டு வைத்திருந்த பொருளை அவர்கள் திருப்பிப் பார்த்துவிட்டார்கள்.

அதே 1958. நம் ஊர் பெயரைக் கொண்ட துணி ஒன்று அமெரிக்காவில் பெரிய ரகளை செய்தது. மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி. ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பிற்காலத்தில் லீலா ஓட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் அந்தத் துணியை வாங்கினார். வாங்கும்போதே எச்சரிக்கை சொல்லப்பட்டது: இது சாயம் போகும், குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும். அந்த எச்சரிக்கை வழியில் எங்கேயோ தொலைந்தது. புரூக்ஸ் பிரதர்ஸ் கடை சட்டையாகவும் கோட்டாகவும் தைத்து விற்றது. வாங்கியவர்கள் மற்றத் துணியோடு இயந்திரத்தில் போட்டார்கள். எல்லாத் துணியிலும் மெட்ராஸ்! புகார் குவிந்தது. வழக்குப் போடலாமா என்று பேச்சு. கடைசியில் என்ன நடந்தது? ஒரு பத்திரிகை இதையே சிறப்பாக எழுதியது. கை நெசவு, இயற்கைச் சாயம், ஒவ்வொரு சலவைக்கும் கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து புது நிறம் தரும் அதிசயத் துணி என்று. பிறகு சாயம் கட்டாயம் போகும் என்று உறுதி சொல்லியே விளம்பரம் செய்தார்கள். போகாவிட்டால் போலி!

வியாபாரிகளின் சாமர்த்தியம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் துணியைப் பாருங்கள். சாயம் கரைவது அதன் இயல்பு. அந்த இயல்பை மறைக்கப் பார்த்தவரை அது குறை. ஏற்றுக்கொண்ட நாளில் அதுவே வடிவமைப்பு.

இதைவிட எனக்குப் பிடித்த கதை நைஜீரியாவில் இருக்கிறது. ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப் என்ற பெயரில் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கட்டம் போட்ட துணிகள் நூற்றாண்டுக் கணக்கில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதைப் பெரிதும் விரும்பினார்கள். விரும்பியதோடு நிற்கவில்லை. கலபாரிப் பெண்கள் அந்தத் துணியை மடியில் வைத்து, சவர அலகாலோ சிறு கத்தியாலோ சில இழைகளை மட்டும் வெட்டி, இழுத்து எடுத்துவிடுவார்கள். வெளுத்த இழைகள் போகும், அடர்ந்த நிறங்கள் நிற்கும், துணியில் சல்லடை போல் இடைவெளி விழும். நம் நெசவாளர் போட்ட கட்டத்துக்குள்ளிருந்து அவர்களுடைய வடிவம் எழுந்து வரும். அதற்குப் பெலெட்டே பிட்டே என்று பெயர். ஓர் இழைகூடச் சேர்க்காமல், எடுத்தே ஒரு புதுத் துணி! அதை உடுத்துவதும், விழாவுக்கும் இறுதிச் சடங்குக்கும் விரிப்பதும் அவர்கள் அடையாளமாகவே ஆனது. அவர்கள் மெட்ராஸைப் பார்த்து மெட்ராஸ் செய்யவில்லை. மெட்ராஸுக்குள் நுழைந்து தங்களுடையதைச் செய்தார்கள்.

நண்பர்களே, ஊக்கம் பெறுவது என்றால் அது!

நம் பக்கத்திலும் அப்படிச் செய்தவர்கள் உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். மறு ஆண்டே அங்கே நெசவுத் தறி வந்துவிட்டது. நாட்டியத்துக்குப் பள்ளி வைத்தவருக்குத் தறி எதற்கு? மேடையில் ஆடுகிறவர் உடுத்தத் தகுந்த சேலை கடையில் கிடைக்கவில்லை. பழைய சேலைகளின் அகலக் கரையையும் அழுத்தமான நிறச் சேர்க்கையையும் எடுத்து நெய்ய வைத்தார். அந்தக் கரை உடலோடு சேரும் இடத்தைக் கோர்வை என்கிறோம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாவது ஆள் கிடைப்பது இன்று அரிதாகிவிட்டது. அத்தை ஏன் கரை சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தார் என்பது இப்போது புரிகிறதா? அவர் தடவியது இரண்டு பேரின் கூலியை.

புதுச்சேரிக்கும் ஒரு நடை போய் வரலாம். 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை அங்கே தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் சொந்தமாகச் சக்கரமும் சூளையும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் மெருகும் வேறு, ஒவ்வொருவர் கோப்பையின் விளிம்பும் வேறு. ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் ஒரே மாதிரி செய்யாமல் போனது எப்படி என்று போய்க் கேளுங்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டாம் தரம் என்று ஒதுக்கிவைத்த சட்டிகளைப் புரட்டிப் பாருங்கள். விற்பனைக்கு வைத்ததைவிட அதில் படிக்க நிறைய இருக்கும். வீட்டிலேயே சாயம் காய்ச்சுகிற பெண்கள், தேங்காய்ச் சிரட்டையில் கரண்டி கடைகிறவர்கள், சுடுமண் நகை செய்கிறவர்கள் என்று இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்து இருக்கையிலேயே உங்கள் ஆசிரியர் இருக்கலாம்.

இனி கசப்பான பகுதி. ஊக்கம் எங்கே முடிகிறது, எடுத்துக்கொள்வது எங்கே தொடங்குகிறது?

2025 ஜூன் மாதம். மிலான் நகரில் பிராடா நிறுவனத்தின் ஆண்கள் உடைக் காட்சி. மேடையில் நடந்தவர்களின் காலில் கோலாப்பூர்ச் செருப்பு. நம் கண்ணுக்கு வேறெதுவாகவும் தெரியவில்லை. அவர்கள் அறிவிப்பில் வெறும் தோல் செருப்பு என்று இருந்தது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தலைமுறைகளாகத் தைக்கிறவர்கள், 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றவர்கள், கொதித்துப் போனார்கள். எதிர்ப்பு வலுத்ததும், இந்தியக் கைவினையால் உந்தப்பட்டதே அந்தச் செருப்பு என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆட்களை அனுப்பிக் கோலாப்பூர்ப் பட்டறைகளைப் பார்க்க வைத்தது. அந்த ஆண்டு இறுதியில், இரு மாநிலங்களின் தோல்தொழில் கழகங்களோடு சேர்ந்து, அந்தக் கைவினைஞர்களைக் கொண்டே சுமார் 2,000 ஜோடி செய்வது என்று உடன்பாடு. ஒரு ஜோடி சுமார் 800 யூரோ. நல்ல முடிவுதான். ஆனால் பெயரைச் சொல்ல ஆறு வினாடி ஆகியிருக்கும். ஆறு மாதச் சண்டை தேவைப்பட்டது.

பிராடாவைத் திட்டுவது எளிது. நம் தெருவைப் பாருங்கள். பவானி ஜமக்காளம் குழித்தறியில் நெய்வது. தடித்த நூலில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் பட்டைகள். கல்யாணப் பந்தியும் ஊர்க் கூட்டமும் அதன்மேல்தான் உட்கார்ந்தன. புவிசார் குறியீடு இருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியும் வைத்திருக்கிறது. இருந்தும் விசைத்தறி நகல் கடை கடையாக விற்கிறது. மதுரைச் சுங்குடியும் அப்படித்தான். சௌராஷ்டிரப் பெண்கள் நகத்தால் துணியைக் கிள்ளி எடுத்து, நூல் சுற்றி, ஆயிரக்கணக்கான முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்து எடுத்தது சுங்குடி. அதே பெயரில் இன்று நாம் கோடையில் வாங்கிக் குவிப்பது பெரும்பாலும் அச்சடித்த புள்ளி. அச்சுக்காரர்மீது எனக்குக் கோபமில்லை, அதுவும் பிழைப்பு. அச்சுச் சேலை என்று சொல்லி விற்கட்டும். முடிச்சுப் போட்டவரின் பெயரில் ஏன் விற்க வேண்டும்?

மாற்று வழியும் கண்முன்னே இருக்கிறது. வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா பவானி ஜமக்காளத்தையே உடையாகவும் பையாகவும் வெட்டித் தைத்து லண்டன் ஃபேஷன் வீக் மேடைக்குக் கொண்டுபோனார். பட்டையை நகலெடுக்கவில்லை, நெசவாளரிடம் துணியையே வாங்கினார், பவானி என்ற பெயரைச் சொல்லியே காட்டினார். தரையில் விரித்தது தோளில் ஏறியது. அவ்வளவு தடித்த துணியில் வளைவுகள் வராது, கோணங்கள்தான் வரும். அந்த உடைகளில் நிமிர்ந்து நிற்கும் வெட்டுகளைப் பாருங்கள், ஜமக்காளத்தின் பேச்சைக் கேட்டு வெட்டியவை என்று தெரியும்.

மாணவர்கள் காரியத்துக்கு வரச் சொல்லிக் கண்ணால் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ஒரு கைவினைஞரிடம் போகும்போது படக்கருவியை வெளியே எடுக்க அவசரப்படாதீர்கள். கேட்டுவிட்டு எடுங்கள். முதல் நாள் வெறும் பார்வை. என்ன கருவி, எந்த அளவுக்குமேல் அது போகாது, எது கெட்டுப்போகிறது, கெட்டதை என்ன செய்கிறார்கள்? செய்கிற வேலையில் எது அவருக்குச் சலிப்பு, எது பெருமை என்று கேளுங்கள். பெரும்பாலும் நாம் விரும்பி வாங்குவது அவருக்குச் சலிப்பானதாக இருக்கும். அவர் பெருமைப்படுகிற ஒன்று பரணில் கிடக்கும், கேட்க ஆளில்லாமல். அதை இறக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பணம். இதைப் பேச நம் கல்லூரிகள் கூச்சப்படுகின்றன, நான் படவில்லை. மாதிரிக்குக் கூலி உண்டு. ஒரு புது வடிவத்தை முயன்று பார்க்கத் தறியை மாற்றிக் கட்டினால், அந்த இரண்டு நாள் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? மாதிரி பிடிக்கவில்லை என்று நீங்கள் கைபேசியில் ஒரு வரி அனுப்பிவிட்டுப் போய்விடுவீர்கள். பாவு நூலும் சாயமும் அவர் கணக்கில் நின்றுவிடும். வேலைக்கு முன்பணம் கொடுங்கள். மழைக்காலத்தில் கல் காயாது, நூல் காயாது, ஓலை பூசணம் பிடிக்கும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆடிக்கு முன்பே சொல்லுங்கள். நூறு பொருளில் பத்து சற்று மாறி வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். எவ்வளவு மாறலாம் என்பதை முதலிலேயே இருவரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். வடிவம் இருவரும் சேர்ந்து செய்ததென்றால் சீட்டில் இரண்டு பெயரும் போகட்டும். ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், அவர் சம்மதித்தால் ஆளின் பெயரையே போடுங்கள். இரண்டாவது முறை ஆர்டர் கொடுக்கும்போது அதே விலைக்குக் கேட்காதீர்கள். நூல் விலை ஏறியிருக்கும்.

வாங்குகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். கைவினைக் கண்காட்சியில் கூடைக்கு எண்ணூறு ரூபாய் என்றால், ஐந்நூறுக்குத் தருவாயா என்று கேட்பது நமக்குக் கை வந்த கலை. கேட்கும்முன் ஒன்று செய்யுங்கள். இதை முடைய எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். எண்ணூறை அந்த நாள்களால் வகுத்துப் பாருங்கள். கணக்கு அங்கேயே போடலாம், காகிதம் தேவையில்லை. வருகிற தொகைக்கு உங்கள் வீட்டுக்கு ஒரு கொத்தனாரோ, ஒரு பெயிண்டரோ ஒரு நாள் வேலைக்கு வருவாரா என்றும் பார்த்துவிட்டு, அதன் பிறகும் பேரம் பேச மனம் வந்தால் தாராளமாகப் பேசுங்கள்.